தாத்தாவின் ரோமானிய வெள்ளிக்காசு: "சீசர்" என்று படிக்க முடிகிறது, எடைதான் ஒத்துவரவில்லை

கேள்வி

வணக்கம். என் தாத்தா 1980களில் கரூரில், அமராவதி ஆற்று மணலைச் சலித்துக் காசு எடுப்பவர்களிடம் வாங்கிச் சேர்த்த பழங்காசுகள் ஒரு ஹார்லிக்ஸ் புட்டியில் எங்கள் வீட்டில் இருக்கின்றன. பெரும்பாலானவை தேய்ந்த செப்புக்காசுகள். ஒன்று மட்டும் வெள்ளி. அதன் முன்புறத்தில் வலப்பக்கம் நோக்கிய ஓர் ஆணின் தலையும், தலையில் இலைமாலையும், பிடரியில் தொங்கும் நாடாவும் தெரிகின்றன. பின்புறத்தில் இருவர் நேர்முகமாக நிற்கிறார்கள். அவர்களுக்கு நடுவே சக்கரம் போன்ற இரண்டு வட்டங்கள் உள்ளன. பாட்டி அதைக் கண்ணன், பலராமன் என்று சொல்லிப் பூசையறையில் சில காலம் வைத்திருந்தாராம். முன்புற எழுத்துகளில் "சீசர்" என்ற சொல்லைத் தெளிவாகப் படிக்க முடிவதால், இது ஜூலியஸ் சீசரின் காசு என்று உறவினர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார்.

விட்டம் 18 மில்லிமீட்டர். நகைக்கடைத் தராசில் எடை 3.12 கிராம். இவ்வகைக் காசு ஏறத்தாழ 3.8 கிராம் இருக்க வேண்டும் என்று படித்தேன். நீரில் தொங்கவிட்டு அடர்த்தி பார்த்ததில் 7.6 வந்தது. வெள்ளியின் அடர்த்தி 10.5 அல்லவா? அப்படியானால் இது ஈயமும் தகரமும் கலந்து வார்த்த இக்காலப் போலியா? புளி போட்டுத் தேய்த்தால் எழுத்துத் தெளிவாகும் என்று சித்தி சொல்வதால், அதற்கு முன் கேட்டுவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

மறுமொழி 1

புளியைத் தொடாதீர்கள், காரணத்தைக் கீழே யாராவது விரிவாக எழுதுவார்கள். முதலில் காசு எதுவென்று பார்ப்போம்.

"சீசர்" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மன்னரை முடிவுசெய்வதுதான் ரோமானியக் காசுகளில் எல்லோரும் முதலில் செய்யும் பிழை. அது ஜூலியஸின் குடும்பப் பெயராகத் தொடங்கி, அவருடைய தத்துமகனும் ரோமின் முதல் பேரரசருமான அகஸ்டஸ் வழியாக வாரிசுகளுக்குச் சென்று, பிறகு பட்டமாகவே மாறிய சொல். ஆகையால் நூற்றுக்கணக்கான ஆண்டுகளின் காசுகளில் அது இருக்கும். உங்கள் காசை அடையாளம் காட்டுவது பின்புறம்தான். நீங்கள் சக்கரம் என்றவை கேடயங்கள். அவற்றின் பின்னால் ஈட்டிகள் நிற்கும். உருப்பெருக்கி வைத்து, கேடயங்களுக்கு மேலே, இருவரின் தலைகளுக்கும் இடையே பாருங்கள். நீண்ட காம்புள்ள கரண்டி ஒன்றும், நுனி சுருண்ட கோல் ஒன்றும் தெரிந்தால் இது அகஸ்டஸின் காசு வகை என்பதில் ஐயமே இல்லை. இரண்டும் ரோமானியப் பூசாரிகளின் கருவிகள்.

நிற்பவர்கள் காயுஸ், லூசியுஸ் என்ற உடன்பிறந்தார். அகஸ்டஸின் மகள் ஜூலியாவுக்கும் அக்ரிப்பாவுக்கும் பிறந்த இவர்களை, தாத்தாவான அகஸ்டஸே கி.மு. 17இல் தத்தெடுத்து வாரிசுகளாக்கினார். லூசியுஸ் கி.பி. 2இலும் காயுஸ் கி.பி. 4இலும் இறந்துவிட, அந்தத் திட்டம் குலைந்து டைபீரியஸ் ஆட்சிக்கு வந்தார். அகஸ்டஸுக்கு "நாட்டின் தந்தை" என்ற பட்டம் கி.மு. 2இல் வழங்கப்பட்டது, முன்புற எழுத்தில் அந்தப் பட்டமும் உண்டு என்பதால் இவ்வகை அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. அச்சடித்த இடம் இன்றைய பிரான்சின் லியோன் நகரம், அன்றைய லுக்டுனும். ரோமானியப் பேரரசுக் காசுகளின் பட்டியல் நூலான ஆர்.ஐ.சி.யின் முதல் தொகுதியில் 207ஆம் எண். அமெரிக்க நாணயவியல் கழகத்தின் "ஓக்ரே" தரவுத்தளத்தில் அந்த எண்ணைத் தேடினால் படங்களோடு ஒப்பிடலாம்.

தென்னிந்தியப் புதையல்களில் இந்த வகையும், அமர்ந்த பெண்ணுருவம் கொண்ட டைபீரியஸின் தினாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) வகையும்தான் மிகுதி. நீரோ கி.பி. 64இல் தினாரியஸின் எடையையும் வெள்ளியையும் குறைத்துவிட்டதால், அதற்கு முந்தைய நல்ல வெள்ளியையே இங்கிருந்த வணிகர்கள் விரும்பினார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். ஆக, கரூரில் இது கிடைத்ததில் வியப்பொன்றும் இல்லை.

மறுமொழி 2

வகையைப் பற்றி மேலே சொன்னது சரி. எடையைத்தான் எளிதாக விட்டுவிடக் கூடாது. எவ்வளவு தேய்ந்தாலும், உருவம் இவ்வளவு தெளிவாக நிற்கும் ஒரு காசு 0.7 கிராமை இழந்திருக்க முடியாது.

அதே நேரத்தில் உங்கள் 7.6 என்ற கணக்கையும் நான் நம்பவில்லை. 3.12 கிராம் காசுக்கு 7.6 வர வேண்டுமானால், காசு விலக்கிய நீரின் எடையாகத் தராசு 0.41 கிராம் காட்டியிருக்க வேண்டும். நல்ல வெள்ளி 0.30 காட்டும், செம்பு 0.35 காட்டும். வித்தியாசம் சில அரிசிமணிகளின் எடைதான் என்பதால், காசில் ஒட்டிய ஒரு காற்றுக்குமிழியோ காசு தம்ளரின் அடியைத் தொட்டதோ போதும், கணக்குத் தாறுமாறாகிவிடும். இரண்டு பிழைகளும் அடர்த்தியைக் குறைத்தே காட்டும். தம்ளரில் நீர் ஊற்றித் தராசில் வைத்துச் சுழியாக்குங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விடுங்கள், குமிழி ஒட்டாது. தையல் நூலை விட்டுவிட்டு, நைலான் இழையில் காசைக் கட்டி, முழுவதும் மூழ்குமாறு, எங்கும் தொடாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுக்க வேண்டும். மூன்று முறை செய்யுங்கள்.

கேட்டவர் மீண்டும்

கரண்டியும் கோலும் இருக்கின்றன! இத்தனை ஆண்டுகளாக அதைக் கீறல் என்று நினைத்திருந்தோம்.

நீங்கள் சொன்னபடி அளந்ததில் 0.34, 0.35, 0.34 வந்தது; அடர்த்தி 9.1 போல ஆகிறது. முன்பு தையல் நூலில்தான் கட்டியிருந்தேன். விளிம்பை உருப்பெருக்கியில் பார்த்தபோது, ஓரிடத்தில் வெள்ளித்தோல் கிழிந்து, காய்ந்த வாழைநாரைப் போல் சற்றே எழும்பி நிற்பதும், அதன் அடியில் பச்சைப் பொடி இருப்பதும் தெரிந்தன. சுற்றிலும் வார்ப்புக் கோடு எதுவும் இல்லை. முன்புறத்தில் "சீசர்" என்பதற்குப் பிறகு வரும் எழுத்துகள், ஓக்ரே படங்களில் உள்ளவை போல் இல்லாமல், வெறும் குச்சிகளாகவே இருக்கின்றன.

மறுமொழி 2

எனில் விடை கிடைத்துவிட்டது. இது செம்பு வில்லையின் மேல் வெள்ளித்தகடு போர்த்தி, அதன்பின் அச்சில் அடித்த காசு. இக்காலத்தில் மின்முலாம் பூசிய போலியில் வெள்ளி மிக மெல்லியதாக, குழிகளுக்குள்ளும் ஒரே சீராகப் படிந்திருக்கும். இப்படித் தடித்த தோலாகக் கிழியாது, அடியில் பல காலத்துப் பச்சையும் சேராது. இது அக்காலத்திலேயே அடித்த கள்ளக்காசு.

எழுத்துகள் குச்சிகளாக இருப்பதால், இலத்தீன் படிக்கத் தெரியாத ஒருவர் மூலக்காசைப் பார்த்து அச்சு வெட்டியிருக்கிறார் என்பது என் கணிப்பு. அகஸ்டஸ், டைபீரியஸ் தினாரியஸ்களைப் பார்த்து இந்தியாவில் அடித்த நகல்கள் உண்டு. ஆனால் பேரரசுக்குள்ளும் முலாம் காசுகள் புழங்கியதால், உள்ளூர் வேலை என்று எழுதுவதற்கு முன் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் காசுத் தொகுப்போடு ஒப்பிடுவது நல்லது. சந்தையில் நல்ல வெள்ளிக்கு உள்ள விலை இதற்கு இராது. எனக்கென்னவோ இதுதான் சுவையான காசு.

மறுமொழி 3

புளி விஷயம். புளியின் அமிலம் அந்தக் கிழிசல் வழியே உள்ளே போய்ச் செம்பை அரிக்கும். மேலே தோல் பளபளக்கும், அடியில் பிடிப்பிருக்காது, சில மாதங்களில் உரிந்துவிடும். எலுமிச்சை, சபீனா, விபூதி எல்லாவற்றுக்கும் தடை. காய்ச்சி வடித்த நீரில் அலசி, பஞ்சால் ஒற்றி, நன்றாக உலரவிடுங்கள். பி.வி.சி. உறையும் வேண்டாம், நாளடைவில் அதிலிருந்து கசியும் அமிலமும் செம்பைத் தாக்கும்.

கேட்டவர் மீண்டும்

மூவருக்கும் நன்றி. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் இதை எடுத்துச்சென்று அங்கே சான்றிதழ் வாங்கலாம் என்கிறார். செய்யலாமா?

மறுமொழி 1

கூடாது. நூறாண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. சான்றிதழைவிட, தாத்தா கரூரில் யாரிடம், எந்த ஆண்டு வாங்கினார் என்று பாட்டியிடம் கேட்டு, எடையோடும் அடர்த்தியோடும் சேர்த்து உறையின் மேல் எழுதி வையுங்கள். புட்டியில் உள்ள செப்புக்காசுகளின் படங்களையும் போடுங்கள். அவற்றுள் நான்காம் நூற்றாண்டு ரோமானியச் செப்புக்காசுகளும் இருக்கலாம்.