டிராஃபிக் சிமுலேஷன்: மெசோவிலிருந்து மைக்ரோவுக்கு மாறும் முதல் நொடி

நகரம் முழுவதையும் மைக்ரோவில், அதாவது ஒவ்வொரு வண்டியின் நகர்வையும் தனித்தனியாகக் கணக்கிட்டு ஓட்டினால், கணினி திணறும். முழுக்க மெசோ, அதாவது தெருத் துண்டுகளில் வண்டி வரிசைகளாகத் தோராயமாகக் கணக்கிடுவது என்றால், சந்திப்பில் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் பகுதிக்கு ஓர் ஏஜென்ட் (அந்தப் பகுதியைக் கவனித்து முடிவெடுக்கும் நிரல்) வைத்து, நெரிசல் வந்த இடத்தை மட்டும் வண்டி வண்டியாக விரிக்கிறோம். சிக்கல் வருவது விரித்த முதல் நொடியில்.

சுமோ (SUMO) என்ற டிராஃபிக் சிமுலேஷன் மென்பொருளில் காரின் இயல்பு நீளம் 5 மீட்டர், நிற்கும்போது முன்னால் விடும் இடம் 2.5 மீட்டர். 100 மீட்டர் லேனில் 13 கார் நிற்கலாம். 50 கி.மீ. வேகத்தில் போக வேண்டுமென்றால் 1 நொடி இடைவெளிக்கு இன்னும் 13.9 மீட்டர் தேவை. அப்போது 4 கார்தான் கொள்ளும். மெசோ 8 காரை ஒப்படைக்க, ஏஜென்ட் எல்லாவற்றுக்கும் 50 கொடுத்தால் உடனே அவசர பிரேக் விழும். நிஜத்தில் இல்லாத நெரிசல் பின்னோக்கிப் பரவும். வேகத்தை அடர்த்தியிலிருந்தே எடுங்கள்: 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. அதில் 7.5 போக 5. நொடிக்கு 5 மீட்டர், அதாவது 18 கி.மீ.

—

சீராக ஓடும் லேனுக்கு இந்தக் கணக்கு சரி. சிக்னல் முன்னால் சரிவராது. சிவப்பு விழுந்திருந்தால் நிற்கும் வண்டிகளை நிறுத்தக் கோட்டிலிருந்து 7.5 மீட்டருக்கு ஒன்றாக அடுக்கிவிட்டு, மீதியை மட்டும் இப்படிப் பரப்ப வேண்டும். வரிசையின் வாலை நெருங்கும் காருக்கு பிரேக் தூரம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

—

பகுதியை மைக்ரோவாகத் திறக்கவும் மெசோவாக மூடவும் ஒரே வரம்பு வைக்காதீர்கள். சிவப்பில் வரிசை நிரம்பும், பச்சையில் வடியும். ஒவ்வொரு சுற்றிலும் பகுதி திறந்து மூடிக்கொண்டே இருக்கும், மிச்சப்படுத்திய நேரமெல்லாம் அதிலேயே போய்விடும். வரிசை 70 சதவீதம் நிரம்பினால் திற, 50-க்குக் கீழே போனால் மூடு, திறந்தால் குறைந்தது இரண்டு சிக்னல் சுற்று திறந்தே வை. தொடங்குவதற்கு இது போதும்.

—

ரேண்டம் எண்ணை மறந்துவிடாதீர்கள். எல்லா வண்டிக்கும் பொதுவான ஒரே வரிசையிலிருந்து எண் எடுத்தால், ஓரிடத்தைத் திறந்ததுமே சம்பந்தமில்லாத இன்னொரு இடத்தின் முடிவும் மாறும். இரண்டு ஓட்டங்களை ஒப்பிடவே முடியாது. வண்டியின் அடையாள எண்ணிலிருந்து அதற்கென்று தனி விதை எண் (ரேண்டம் வரிசையின் தொடக்க எண்) கொடுங்கள். மூடும்போது போகுமிடம், ஓட்டுநர் குணம் இரண்டையும் சேமித்து வையுங்கள். இல்லாவிட்டால் நிதானமாக வந்தவர் அடுத்த தெருவில் அவசரக்காரராகிவிடுவார்.

—

சுமோவில் மெசோ என்பது ஓட்டம் முழுமைக்குமான தேர்வு. கலந்து ஓட்ட, இரண்டு ஓட்டங்களை இணையாக வைத்து, ட்ராசி (TraCI, ஓடும் சிமுலேஷனை வெளியிலிருந்து கட்டுப்படுத்தும் இடைமுகம்) வழியாக வண்டியை ஒன்றில் நீக்கி மற்றதில் சேர்க்க வேண்டும். சேர்க்க இடமில்லை என்றால் வண்டி வெளியே காத்திருக்கும். அந்த நேரம் பயண நேரத்தில் சேராது. 300 நொடி நகராத வண்டியை இயல்பு அமைப்பு தூக்கி முன்னால் வைத்துவிடும். மெசோ-மைக்ரோ எல்லையில் வரும் தவறை மறைப்பதே இதுதான். சோதனையின்போது அந்த 300 என்ற மதிப்பை -1 ஆக்கி (அப்போது வண்டியைத் தூக்கி வைக்காது), உள்ளே இருப்பவை, வெளியேறியவை, காத்திருப்பவை மூன்றையும் ஒவ்வொரு நொடியும் கூட்டிப் பாருங்கள். ஒரு வண்டி குறைந்தாலும் ஓட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள்.