மறு: விழுங்கு செல்லிடம் சிக்காத பாக்டீரியா – ‘பிடிகொடாமை’ என்று சொல்லலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக ஓடும் இந்த இழையை நேற்று ராத்திரிதான் முழுக்கப் படித்தேன். நோயுண்டாக்கும் பாக்டீரியா, கிருமிகளை விழுங்கி அழிக்கும் நம் விழுங்கு செல்களிடம் சிக்காமல் தப்புகிறதே, அந்தக் குணத்துக்கு ஒரு சொல் வேண்டும். இதுவரை வந்தவை விழுங்கல் எதிர்ப்பு, விழுங்கல் தடுப்பு, ஈழத்து நண்பர் சொன்ன தின்குழிய எதிர்ப்பு. மூன்றிலும் எனக்கு ஒரே மனத்தாங்கல்.

எதிர்ப்பையும் தடுப்பையும் ஏற்கெனவே நம் உடம்பின் பக்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். நோய் எதிர்ப்புச் சக்தி நம்முடையது, தடுப்பூசி நம்முடையது. அதே சொல்லைக் கிருமிக்கும் கொடுத்தால் வாசிக்கிறவர் தடுமாறுவார். ‘விழுங்கல் தடுப்பு’ என்று கேட்டால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய் ‘அது எத்தனாவது மாசத்து ஊசி?’ என்றுதான் கேட்பார்.

நான் பாளையங்கோட்டையில் ஆய்வக நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கு நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. பாக்டீரியா வளர்க்கும் மெக்கான்கி தட்டில் ரோஸ் நிறத்தில், ஈரம் மினுங்க, ஒன்றோடொன்று வழிந்து கலந்து கிடக்கும். லூப் என்ற கம்பி வளையத்தின் நுனியால் தொட்டு மெல்ல மேலே தூக்கினால் சில வகைகள் நூலாக நீளும். 5 மில்லிமீட்டருக்கு மேல் அறுபடாமல் நீண்டால் மிகக் கொழகொழப்பான வகை, கவனமாக இருக்க வேண்டியது என்று குறித்துக்கொள்வோம். அன்றைக்கு அது நீண்டுகொண்டே போனது. பக்கத்தில் நின்ற பிள்ளை, “மேடம், கம்பிப் பதம் வந்துட்டு” என்றாள். அதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. அந்தப் பாகுதான் பாக்டீரியாவின் உறை. பெரும்பாலும் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது. (ஆந்த்ராக்ஸ் கிருமியின் உறையோ அமினோ அமிலச் சங்கிலி.)

விழுங்கு செல் எதையாவது விழுங்க வேண்டுமானால் முதலில் அதைப் பற்ற வேண்டும். பற்றிய இடத்திலிருந்து தன் சவ்வைக் கைபோல நீட்டிச் சுற்றி வளைத்து உள்ளே இழுக்கும். உறை உள்ள பாக்டீரியாவிடம் அந்த முதல் பிடியே கிடைப்பதில்லை. குளம் வற்றும்போது விரால் பிடித்தவர்களுக்கு இது புரியும். கைக்குள் இருக்கிறது, ஆனால் கையில் இல்லை. கிரிஃபித் என்ற ஆய்வாளர் 1928இல் நிமோனியாவை உண்டாக்கும் நியுமோகாக்கஸை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது உறையுள்ள வழவழப்பான வகை எலியைக் கொன்றது, உறையில்லாத சொரசொரப்பான வகை கொல்லவில்லை. ஓர் உறைதான் உயிருக்கும் சாவுக்கும் நடுவில் நின்றது.

இதற்கு நம்மிடம் சொல் இல்லையா என்ன? “பணத்தைக் கேட்டா, ஆளு பிடியே குடுக்க மாட்டேங்கான்” என்று தினமும் சொல்கிறோம். சண்டை போடுவதில்லை, ஓடுவதில்லை, எதிரிலேயே நிற்கிறான், பிடி மட்டும் கொடுப்பதில்லை. உறையுள்ள பாக்டீரியா செய்வது அச்சு அசலாக இதைத்தான். அதனால் என் முன்மொழிவு: பிடிகொடாமை.

ஒரு கலைச்சொல் நல்லதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை, பக்கத்துச் சொற்களும் அதிலிருந்து தானாக வருகின்றனவா என்பது. வழுக்கும் விராலை எங்கள் வீட்டில் எப்படிக் கழுவுவார்கள்? கையில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, கல்லில் உரசி. சாம்பல் பட்டதும் மீன் கைக்கு நிற்கும். உடம்பும் அதையே செய்கிறது. எதிர்ப்பொருள்களும், ரத்தத்தில் இருக்கும் காம்ப்ளிமென்ட் என்ற பாதுகாப்புப் புரதங்களும் பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொள்ள, அவற்றைப் பற்றிக்கொண்டு விழுங்கு செல் வேலையை முடிக்கிறது. 1903இல் ரைட், டக்ளஸ் என்ற ஆய்வாளர்கள் இந்தப் பொருளுக்கு ‘ஆப்சோனின்’ என்று பேர் வைத்தார்கள். உண்பதற்குத் தயார் செய்வது என்பது அதன் வேர்ப்பொருள். நாம் அதைப் பிடிப்பூட்டி என்றும், அந்தச் செயலைப் பிடிப்பூட்டல் என்றும் சொல்லிவிடலாம். பிடிகொடாமை, பிடிப்பூட்டல் இரண்டும் ஜோடியாக நிற்கின்றன. குழந்தைகளுக்கு 6 வாரம், 14 வாரம், 9 மாதத்தில் போடும் நியுமோகாக்கல் ஊசியை இப்போது இரண்டே வாக்கியத்தில் விளக்கலாம்: கிருமியின் உறைச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்துக் கொடுக்கிறோம்; உடம்பு அதற்கான பிடிப்பூட்டியைச் செய்து வைத்துக்கொள்கிறது. ஆனால் உறையில் 90க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அதனால்தான் ஓர் ஊசிக்குள் பல வகைச் சர்க்கரைகளைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

சீழ்க்கட்டி உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இதிலும் ஒரு வேலை காட்டுகிறது. எதிர்ப்பொருளின் வால்பகுதிதான் விழுங்கு செல்லுக்குக் கைப்பிடி. இந்தப் பாக்டீரியா, புரதம் ஏ என்ற ஒன்றால் அந்த வாலையே பிடித்து வைத்துக்கொள்கிறது. பிடிப்பூட்டி மேலே ஒட்டியிருக்கும், கைப்பிடி மட்டும் வெளியே இருக்காது. இதையும் பிடிகொடாமை என்றே சொல்லலாம், சொல்லின் பொருளை இழுத்து நீட்ட வேண்டியதில்லை.

அப்படி இழுக்க வேண்டிய இடம் பிளேக் கிருமி. அது விழுங்கு செல்லை ஒட்டிநின்று, ஊசி போன்ற அமைப்பால் தன் புரதங்களை உள்ளே செலுத்தி, செல் கை நீட்ட உதவும் ஆக்டின் என்ற புரத இழைகளையே குலைத்துவிடுகிறது. இங்கே பிடி கிடைத்தாலும் பிடிக்கக் கை இல்லை. ஆகவே எல்லா உத்திகளையும் சேர்த்துச் சொல்ல ஒரு பொதுச்சொல் தனியாக வேண்டும். அதற்கு விழுங்கவிடாமை போதும். சொல்லும்போதே யார் யாரை விடவில்லை என்பது தெரிகிறது, ‘எதிர்ப்பு’ தரும் குழப்பம் இல்லை. பிடிகொடாமை அதன் ஒரு வகை, கை முடக்கல் இன்னொரு வகை.

காசநோய்க் கிருமியை இந்தப் பட்டியலில் சேர்த்த நண்பருக்கு ஒரு வார்த்தை. அது விழுங்க விடுகிறது. உள்ளே போனபின் செரிமான நொதிகள் உள்ள லைசோசோம் என்ற பை, தான் இருக்கும் அறையோடு சேராமல் பார்த்துக்கொண்டு அங்கேயே குடியிருக்கிறது. அது வேறு கதை, வேறு சொல் வேண்டும், வேறு இழையில் பேசுவோம்.

‘கொடாமை’ பழைய நடையாக இருக்கிறது, ‘பிடிகொடுக்காமை’ என்று வைக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். தனிச்சொல்லாக எப்படி வைத்தாலும் எனக்குச் சம்மதம். ஆனால் ‘பிடிகொடா உறை’, ‘பிடிகொடாப் புரதம்’ என்று அடைமொழியாக வரும்போது குட்டையான வடிவம்தான் வாயில் நிற்கிறது. வகுப்பில் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன், பிள்ளைகள் குட்டையானதையே எழுதிக்கொண்டார்கள். அடுத்த செய்முறைக் குறிப்பேட்டில் அதைத்தான் அச்சடிக்கப் போகிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து