கேத்தலில் கொதிக்கிற சண்டை: குளோரின் போகுமா போகாதா

பீலிக்கரையான்:
நேற்று ஒருவர், "குழாய்த் தண்ணீரில் குளோரின் போட்டால் நஞ்சு உண்டாகிறது, கொதிக்க வைத்தாலும் போகாது, தோட்டத்துப் பீலியில் மலை ஓடையிலிருந்து வந்து விழும் தண்ணீரே மேல்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அந்த நஞ்சு குளோரோபோம்தானே, அது 61 பாகையிலேயே கொதித்து ஆவியாகும் ஐயா! தேத்தண்ணிக்குக் கொதிக்கிற கேத்தலில் அது எங்கே உட்கார்ந்திருக்கும்?

மலையோரம்:
எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். மழைக்காலத்தில் இலை தழை மக்கி ஓடைத் தண்ணீர் சாயம் மாதிரி வருகிறது, அதில் குளோரின் சேர்ந்தால் டிரைஹாலோமீத்தேன் உண்டாகும், உங்கள் குளோரோபோமும் அந்த வகைதான். 1974இல் நெதர்லாந்தில் ரூக் என்பவர் எழுதியது, நான் கட்டிய கதை இல்லை. கூடவே ஹாலோஅசெட்டிக் அமிலங்களும் வரும், அவை ஆவியாகாது.

பீலிக்கரையான்:
61 அண்ணே, 61. அமிலத்தை இப்போது எதற்கு இழுக்கிறீர்கள்? குளோரோபோமுக்கு உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 300 மைக்ரோகிராம் என்று அளவு வைத்திருக்கிறது. அதே நிறுவனம்தான் இந்தப் பயத்தில் கிருமிநீக்கத்தைக் குறைக்காதே என்றும் சொல்கிறது. அதை மட்டும் வசதியாக விட்டுவிடுவீர்கள்.

லிந்துலை அக்கா:
பீலித் தண்ணீர் குடித்து என் மகன் செங்கமாரியில் ஒரு மாதம் படுத்துக் கிடந்தான். மேலே லயத்துக் கக்கூஸ், கீழே பீலி. இதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் காணோம். அப்புறம், நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும்.

பீலிக்கரையான்:
94 என்றாலும் 61ஐ விடக் கூடத்தானே அக்கா!

மலையோரம்:
சரி தம்பி, ஆவியாகி எங்கே போகிறது? குளிருக்குக் கதவை அடைத்துக்கொண்டு வெந்நீரில் குளிக்கிறோமே, அந்த ஆவி முழுக்க நம் மூக்குக்குள்தான். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை குளோரோபோமை 2பி பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்ற பிரிவில், வைத்தது சும்மாவா?

பீலிக்கரையான்:
நேற்றுக் கேத்தல், இன்று குளியலறை. தேயிலைத் தூள் கலப்படம் பேசினபோதும் இப்படித்தான் நழுவினீர்கள், நான் மறக்கவில்லை. அதே முகமை 1991இல் குளோரின் போட்ட குடிநீரை 3ஆம் பிரிவில் வைத்தது, அதாவது புற்றுநோய் தரும் என்று வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை. பீலிக்கு ஒரு பிரிவு இருந்தால் காட்டுங்கள்.

மலையோரம்:
கலப்பட விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. உங்களுக்குப் பீலி என்றால் இளக்காரம், பெயரில் மட்டும் பீலி!

பீலிக்கரையான்:
என் பெயர் என் தாத்தா குளித்த இடம், அதைத் தொடாதீர்கள்.

ஹட்டன் பையன்:
கரி வடிகட்டி இதையெல்லாம் பிடித்துக்கொள்ளும் என்கிறார்கள், ஹட்டனில் எந்தக் கடையில் கிடைக்கும்?

பீலிக்கரையான்:
கடை அப்புறம் தம்பி. முதலில் அண்ணன் 61க்குப் பதில் சொல்லட்டும்.