மக்டவல் கவுண்டியின் வெற்று வீடுகளை எப்படி வாசிப்பது?

பரந்தன் ரீச்சர் எழுதியது:

கிளிநொச்சி மாவட்டத்தில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் கற்பிக்கிறேன். கிராமியக் குடியிருப்பு என்ற பகுதிக்கு நம் ஊரையும் வேற்று நாட்டு ஊர் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம் என்று எண்ணி, ஐக்கிய அமெரிக்காவில் மேற்கு வேர்ஜினியா மாநிலத்தின் தென்கோடியிலுள்ள நிலக்கரிச் சுரங்கப் பகுதியான மக்டவல் கவுண்டியைத் தெரிந்தெடுத்தேன். கவுண்டி என்பது அங்கே மாநிலத்துக்கு உட்பட்ட ஒரு நிர்வாகப் பிரிவு. பரப்பளவுதான் முதலில் என்னை இழுத்தது. அது ஏறத்தாழ 1,385 சதுர கிலோமீற்றர். நமது மாவட்டம் 1,279. அங்கே 1950 இல் 98,887 பேர் வாழ்ந்தார்கள். நம் மாவட்டத்தில் 2012 குடிசன மதிப்பீட்டின்போது 113,510 பேர் இருந்தார்கள். இந்தளவுக்கு நெருங்கிய சோடி கிடைத்ததே என்று மகிழ்ந்தேன்.

ஆனால் அட்டவணையை நிரப்பத் தொடங்கியதும் குழப்பமும் தொடங்கியது. 2020 இல் அங்கே எஞ்சியிருந்தவர்கள் 19,111 பேர் மட்டுமே. எழுபது ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. மூன்றில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கிறார்கள். ஒரு வீட்டாரின் வருமான இடையம் (எல்லா வீட்டாரையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் வரும் தொகை) அந்த நாட்டு இடையத்தின் பாதிக்கும் குறைவு என்றாலும், அதை ரூபாயாக்கிக் கரும்பலகையில் எழுதியபோது மாதம் ஏழு லட்சத்தை எட்டியது. பின் வாங்கிலிருந்த பிள்ளை ஒன்று, "ரீச்சர், இந்த வறுமை எங்களுக்கும் வேணும்" என்று சொல்ல, வகுப்பே சிரித்துவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது, விடை வரவில்லை.

அதைவிட என்னைத் தடுமாற வைத்தது வீடுகள் பற்றிய பகுதி. குடியிருக்கும் வீடுகளில் ஐந்தில் நான்குக்குக் கிட்டச் சொந்த வீடுகள் என்கிறார்கள். வீட்டின் பெறுமதி இடையம் 50,000 டொலருக்கும் குறைவு. அமெரிக்காவில் அது மிக மலிவு. பெருந்தொகையான வீடுகள் ஆளின்றிக் கிடக்கின்றன. சொந்த வீடு உண்டு, விலையும் குறைவு, வெற்று வீடும் தாராளம். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தை வீட்டுப் பிரச்சினை உள்ள இடம் என்று எப்படிச் சொல்வது? புரிந்தவர்கள் விளக்கினால் வகுப்புக்குப் பேருதவியாக இருக்கும்.

குளக்கட்டு எழுதியது:

ரீச்சர், நான் புள்ளிவிபர வேலையில் இருந்து ஓய்வுபெற்று வவுனியாவில் இருப்பவன். உங்கள் மாணவருடைய கேள்வியை முதலில் எடுக்கிறேன், ஏனெனில் அது பகிடியாக வந்தாலும் நல்ல கேள்வி. டொலரை நாணய மாற்று விகிதத்தால் பெருக்கினால் கிடைப்பது கொழும்பு வங்கியில் மாற்றிய காசு. அந்த ஊரில் வாழும் செலவு அதில் இல்லை. அமெரிக்காவின் வறுமைக் கோடு 1960களில், மிகச் சிக்கனமான உணவுச் செலவை மூன்றால் பெருக்கி வகுத்தது; அன்று முதல் விலைவாசிக்கு ஏற்பவே உயர்த்தி வருகிறார்கள். நால்வர் உள்ள குடும்பத்துக்கு 2022 இல் அது ஏறத்தாழ 30,000 டொலர். அப்படியிருக்க, வருமான இடையமே அந்தத் தொகையைச் சுற்றி நிற்கும் ஓர் ஊரில், வண்டியில்லாமல் வேலைக்கும் போகமுடியாது, கடைக்கும் போகமுடியாது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்காமல் உயிரோடு இருக்கவும் முடியாது. இங்கே பத்துப் பரப்புத் தோட்டமும் இரண்டு மாடும் கொடுப்பதை அங்கே காசு மட்டுமே கொடுக்க வேண்டும்.

அந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்பதையும் உங்கள் அட்டவணையில் ஒரு நிரலாகச் சேருங்கள். மக்டவலின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழப் பாதி முதியோர் ஓய்வூதியம், ஊனக் கொடுப்பனவு, உணவு உதவி போன்ற அரசக் கொடுப்பனவுகள். நிலக்கரித் தூசி நுரையீரலைக் கெடுத்தவர்களுக்கு உதவிப்பணம் கொடுக்கும் சட்டம் 1969 இல் வந்தது. உணவு முத்திரைத் திட்டத்தை 1961 மே மாதத்தில் கென்னடியின் அரசு பரீட்சித்துப் பார்க்கத் தொடங்கியபோது, நாட்டிலேயே முதல் முத்திரையைப் பெற்ற குடும்பம் இந்தக் கவுண்டியைச் சேர்ந்தது. அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க உருக்கு ஆலைகளுக்கு முதல்தரக் கரி அனுப்பிய இடம் அது என்பதையும் சேர்த்துச் சொன்னால் மாணவர்களுக்கு வேகம் புரியும்.

வீழ்ச்சியின் காரணத்தைச் சொல்லும்போது ஒரு தவறைத் தவிர்க்க வேண்டும். கரி தீர்ந்ததால் மக்கள் போனார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். 1950 இல் 98,887 ஆக இருந்த தொகை 1960 இல் 71,359 ஆகிவிட்டது. அந்தப் பத்தாண்டில் கரி தீரவில்லை, ஆள் தேவை தீர்ந்தது. வெட்டுவதையும் அள்ளுவதையும் ஒரே இயந்திரம் செய்யத் தொடங்கியது. அதே காலத்தில் புகையிரதங்கள் டீசலுக்கும், வீடுகள் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மாறின. பின்னர் 1980களில் உருக்குத் தொழில் சரிந்து, கேரி என்ற ஊரைச் சுற்றியிருந்த யூ.எஸ். ஸ்ரீல் கம்பனியின் பெருஞ்சுரங்கங்கள் மூடப்பட்டன. 1980 இல் 49,899 பேர், 1990 இல் 35,233. நம் பக்கத்தில் அறுவடை இயந்திரம் வந்தபின் அரிவு வெட்டுக் கூலி என்ன ஆனது என்று பிள்ளைகளைக் கேளுங்கள், மிச்சத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இனி வீடு. சொந்த வீட்டு வீதம் உயர்வாக இருப்பதைச் செழிப்பு என்று வாசிக்க வேண்டாம். அந்த வீடுகளில் பெரும்பாலானவை தொழிலாளருக்காகக் கம்பனி கட்டியவை. வேலையாள் தொகை குறைந்தபோது கம்பனிகள் அவற்றைக் குடியிருந்தவர்களுக்கே விற்றுக் கையைக் கழுவின. வாடகைக்கு இருக்கக்கூடிய இளையவர்கள் வெளியேற, வீட்டை வாங்கிய முதியவர்கள் தங்கினார்கள். ஆகவே அந்த வீதத்தின் மேற்பகுதியான சொந்த வீட்டுத் தொகை பெரிதும் அப்படியே நிற்க, கீழ்ப்பகுதியான மொத்தக் குடியிருப்பு வீட்டுத் தொகை சுருங்கியது. விலை குறைவு என்பதும் வாங்க ஆளில்லை என்பதும் அங்கே ஒன்றே. அப்படிப்பட்ட வீட்டைப் பிணையாக வைத்து வங்கியில் கடன் எடுக்க முடியாது. திருத்துவதற்கான செலவு திருத்தியபின் கிடைக்கும் விலையைத் தாண்டிவிடும்.

முள்ளியவளை மகன் எழுதியது:

வணக்கம் ரீச்சர், வணக்கம் குளக்கட்டு ஐயா. நான் பிறந்தது முள்ளியவளையில். இப்போது வேர்ஜினியா மாநிலத்து ரோனோக் நகரில் இருக்கிறேன். மக்டவலின் கரியை வெளியே கொண்டுவந்த நோர்போக் அன்ட் வெஸ்ரேர்ன் புகையிரதக் கம்பனியின் தலைமையகம் இந்த நகரில்தான் இருந்தது. 52 ஆம் இலக்க நெடுஞ்சாலை வழியாக அங்கே இரு தடவை போயிருக்கிறேன். ஐயா எழுதியதோடு நான் முழுதும் உடன்படுகிறேன், ஆனால் நிலத்தின் அமைப்பைக் காணாமல் இந்த எண்கள் பிடிபடா.

வன்னியில் கண் எட்டும் வரை வயலும் வானமும். அங்கே வானம் ஒரு கீலம் மட்டும்தான் தெரியும். இரு பக்கமும் செங்குத்தான மலை, நடுவே ஓர் ஓடை, ஓடையை ஒட்டித் தண்டவாளம், தண்டவாளத்தை ஒட்டி வீதி, வீதியை ஒட்டி வரிசையாக வீடுகள். மட்டமான நிலம் ஓடைக் கரையில் மட்டுமே உண்டு. மலைகளின் பெரும்பகுதி வெளியூர் நிலக் கம்பனிகளுக்கும் கரிக் கம்பனிகளுக்கும் சொந்தம். ஆகவே மக்கள் வெள்ளம் வரும் இடத்திலேயே வாழ்கிறார்கள். 2001, 2002 என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் பெருவெள்ளம் வந்தது, 2025 பெப்ரவரியில் மீண்டும் வந்தது. ஒவ்வொரு வெள்ளமும் சில வீடுகளை "வெற்று" என்ற நிரலுக்குள் தள்ளிவிட்டுப் போகிறது.

அந்த நிரலைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வந்தேன். அமெரிக்கக் கணக்கெடுப்பில் வெற்று வீடு என்றால் வாடகைக்குக் காத்திருப்பது, விற்பனைக்கு உள்ளது, விடுமுறைக்கு வந்து தங்குவது, இவை எதிலும் சேராதது என்று பல வகை உண்டு. மக்டவலில் வீங்கிக் கிடப்பது அந்தக் கடைசி வகை. கூரை உள்ளே விழுந்து, கொடி ஏறி, யன்னலூடாக மரம் வளர்ந்து நிற்பதும் பதிவேட்டில் ஒரு வீட்டலகாகவே இருக்கும். உரியவர் இறந்திருப்பார், பிள்ளைகள் ஒகாயோவிலும் வட கரோலினாவிலும் இருப்பார்கள், உரித்து ஆறேழு பேருக்குப் பிரிந்து, கையெழுத்து வாங்க முடியாமல் கிடக்கும். இந்தக் கதை நம் ஊராருக்குப் புதிதல்ல. என் பேரனாரின் வளவுக்கு ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருந்து கையெழுத்து வர நான்கு வருடம் எடுத்தது.

நீங்கள் கேட்ட வீட்டுப் பிரச்சினைக்கு நேரடி உதாரணம் ஆசிரியர்கள்தான். அவ்வளவு வெற்று வீடுகள் கிடந்தும், வெளியிலிருந்து வரும் ஆசிரியர்களுக்கு வாடகைக்குக் குடியிருக்கத் தக்க வீடு கிடைப்பதில்லை. அவர்கள் தூரத்திலிருந்து மலைப்பாதையில் ஓடிவந்து, ஓரிரு வருடத்தில் மாற்றம் பெற்றுப் போய்விடுவார்கள். கடைசியில் ஆசிரியர் சங்கம் முன்னின்று, கவுண்டித் தலைநகர் வெல்ச்சில் ஆசிரியர்களுக்கென்றே அடுக்குமாடிக் கட்டடம் எழுப்பினார்கள். அதே வெல்ச்சில் 1941 இல் கட்டிய வாகனத் தரிப்புக் கட்டடம் ஒன்று இருக்கிறது; நகராட்சி கட்டியவற்றில் நாட்டிலேயே அதுதான் முதலாவது என்று சொல்கிறார்கள். வண்டி நிறுத்த இடமில்லாத அளவுக்கு அன்று நெரிசல். நான் போன சனிக்கிழமை பிரதான வீதியில் என் வண்டியோடு சேர்த்து ஐந்து வண்டிகள் நின்றன. கிம்போல் என்ற அயலூரிலிருந்த பெரிய வோல்மார்ட் கடையும் 2016 இல் மூடப்பட்டுவிட்டது. சாமான் வாங்குவதற்கே அடுத்த கவுண்டிக்குப் போகிறவர்களைக் கண்டேன்.

பாரதிபுரத்தான் எழுதியது:

ரீச்சருக்கு ஒரு சொல். கம்பனி வீட்டை விளங்கப்படுத்த அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை, உங்கள் வகுப்பிலேயே ஆட்கள் இருப்பார்கள். என் தகப்பன் பிறந்தது தேயிலைத் தோட்ட லயனில். வேலை இருக்கும் வரை காம்பரா (லயன் வரிசையில் ஓர் அறை), வேலை போனால் காம்பராவும் போகும். கடைச் சாமான் பற்றில் வாங்கி, சம்பள நாளில் கழித்தது போக மிஞ்சியதுதான் கூலி. மக்டவல் சுரங்கங்களிலும் கம்பனிக் கடையும் கம்பனியே அடித்த நாணயமும் இருந்ததாக வாசித்திருக்கிறேன். ஹங்கேரியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்தார்கள், தென்மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் பெருந்தொகையாக வந்தார்கள். ஆள் சேர்த்த விதமும் எங்களுக்குத் தெரிந்த விதம்தான்.

1977 கலவரத்தோடு எங்கள் குடும்பம் வன்னிக்கு வந்தது. வந்த இடத்தில் காடு வெட்டினோம், கிணறு தோண்டினோம், ஆனால் அனுமதிப் பத்திரம் கைக்கு வர மிக நீண்ட காலம் சென்றது. அதனால்தான் மீள்குடியேறியபின் வீட்டுத்திட்டம் வந்தபோது, காணிப் பத்திரம் எங்கே என்ற கேள்வி எங்களைப் போன்ற பலரை வாசலிலேயே நிறுத்தியது. ஐந்தரை லட்சம் ரூபாய் இந்திய உதவி வீடு அயலவருக்கு எழும்பியபோது நாங்கள் தகரக் கொட்டிலில் இருந்தோம். உங்கள் அட்டவணையில் "சொந்த வீடு" என்று ஒரு நிரல் இருந்தால், கீழே நிலம் யாருடையது என்று இன்னொரு நிரலும் வேண்டும். மக்டவலில் வீடு அவர்களுடையது, மலை கம்பனியுடையது. இங்கே சுவர் எங்களுடையது, காணி அரசுடையது.

பரந்தன் ரீச்சர் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. பாரதிபுரத்து அண்ணா சொன்ன நிரலைச் சேர்த்துவிட்டேன். இங்கேயும் குடும்பம் வெளிநாட்டிலோ வவுனியாவிலோ இருக்க, பூட்டிக் கிடக்கும் புது வீடுகள் உண்டு. அவற்றை மக்டவலின் வெற்று வீடுகளோடு ஒரே பெயரில் போடுவது தவறு என்று இப்போது தெரிகிறது. அங்கே வேலை போனபின் வீடு மிஞ்சியது. இங்கே 2009 இல் வீடு போனபின் காணியும் குளத்துத் தண்ணீரும் மிஞ்சின. சனம் திரும்பி வந்ததும் அவற்றை நம்பித்தான். ஒரு சந்தேகம்: கவுண்டியை நம் மாவட்டத்தோடு ஒப்பிடுவது நிர்வாக முறையில் சரியா?

குளக்கட்டு எழுதியது:

பரப்பளவில் சரி, நிர்வாகத்தில் சரியல்ல. நமது மாவட்டச் செயலாளரை அரசு நியமிக்கிறது, கச்சேரிக்கான (மாவட்டச் செயலகத்துக்கான) காசு கொழும்பிலிருந்து வருகிறது. கவுண்டியை ஆளும் குழுவையும், ஷெரிப்பையும், பாடசாலைச் சபையையும் அந்த மக்களே வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். அவர்களுடைய வருவாயில் முக்கிய பங்கு உள்ளூர்ச் சொத்து வரி. சுரங்கம் மூடினால் சொத்தின் பெறுமதி விழும், பெறுமதி விழுந்தால் வரி விழும். குடிநீர், பாடசாலை இரண்டிலும் அது தெரியும். பழைய சுரங்கக் கம்பனிகள் போட்ட குழாய்கள் பழுதாகி, மலையூற்றில் தண்ணீர் பிடிப்பவர்கள் அங்கே இன்றும் இருக்கிறார்கள்.

இன்னுமொன்று, ரீச்சர். நீங்கள் எடுத்த வருமானமும் வீட்டுப் பெறுமதியும் முழுக் கணக்கெடுப்பிலிருந்து வந்தவையல்ல. 65,000 பேருக்குக் குறைந்த கவுண்டிகளுக்கு அந்த நாட்டார் ஐந்தாண்டு மாதிரி ஆய்வுகளைச் சேர்த்தே மதிப்பீடு வெளியிடுகிறார்கள். பக்கத்தில் வழு எல்லையும் (மதிப்பீடு எவ்வளவு பிசகலாம் என்பது) அச்சிட்டிருக்கும், அதையும் எழுதுங்கள். ஆட்தொகைக்கு 1950 முதல் 2020 வரை பத்தாண்டுக் கணக்குகளே போதும், கோடு அழகாக வரும். கிளிநொச்சிக்கு அப்படி ஒரு கோடு வரையாதீர்கள். 1981 இல் அது யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்தது, தனி மாவட்டமானது 1984 இல், 2001 இல் முழுமையான கணக்கெடுப்பு நடக்கவில்லை. 1981 க்கும் 2012 க்கும் இடையே தாளை வெறுமையாகவே விடுங்கள். பிள்ளைகள் காரணம் கேட்பார்கள்.