4294967297 பகா எண்ணா இல்லையா? சி-ல 0 வருது, பைத்தான்ல 1 வருது

மீதி_பூஜ்யம்:
மக்களே ஒரு ஹெல்ப். ஒரு எண் பகா எண்ணான்னு பாக்குற ஃபெர்மா டெஸ்ட் சி-ல எழுதியிருக்கேன், அதாவது எண்ணுல ஒண்ணு கொறச்சு, 2-ஐ அத்தனை அடுக்குக்கு ஏத்தி, அதே எண்ணால வகுத்து மீதி 1 வருதான்னு பாக்குறது. சின்ன நம்பருக்கெல்லாம் ஓகே. 4294967297 (2^32+1) குடுத்தா மட்டும் மீதி 0. அதே லாஜிக் பைத்தான்ல 1. வேரியபிள் எல்லாமே அன்சைன்டு லாங் லாங் (குறி இல்லாத 64 பிட் முழு எண்) தான். எதை நம்புறது?

பிட்டுக்கு_பிட்டு:
0 வரவே முடியாது ப்ரோ. அது ஒற்றைப்படை எண், 2-ஓட எந்த அடுக்கையும் மீதியில்லாம வகுக்காது, அதனால சி தான் தப்பு. உங்க லூப்ப, அதாவது 2-ஐ திரும்பத் திரும்ப வர்க்கம் பண்றத, கையால ஓட்டிப் பாருங்க: 2, 4, 16, 256, 65536, 4294967296. அடுத்த வர்க்கம் 2^64. 64 பிட்ல கொள்ளுறது 2^64-1 வரைக்கும் தான், ஒண்ணே ஒண்ணு இடிக்குது, அதனால மொத்தமும் உருண்டு 0 ஆயிடுது, அப்புறம் கடைசி வரை 0 தான். ஜிசிசி கம்பைலர்னா பெருக்குற இடத்துல மட்டும் 128 பிட் இன்ட் போடுங்க.

மீதி_பூஜ்யம்:
போட்டேன், 1 வந்துடுச்சு நன்றி. அப்போ பகா எண் தானே?

கணக்கு_வாத்தி:
அவசரப்படாதீங்க தம்பி 😄 641 × 6700417, பெருக்கிப் பாருங்க. 3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்ணா இருந்ததால இந்த வரிசை (2-ஐ 1, 2, 4, 8, 16-ன்னு அடுக்கு ஏத்தி 1 கூட்டுறது) முழுக்க அப்படித்தான்னு கணித மேதை ஃபெர்மா நெனச்சார், 1732-ல ஆய்லர் இந்த அஞ்சாவத உடைச்சுட்டார் (முதல் எண்ண பூஜ்யமாவதுன்னு எண்ணுவாங்க). டெஸ்ட் ஏமாறுற காரணம் உங்க லூப்லயே இருக்கு, 2^32-க்கு மீதி -1 (நம்ம எண்ணுக்கு ஒண்ணு தான் கம்மி), அதை வர்க்கம் பண்ணா 1, அப்புறம் எத்தனை தடவை பண்ணாலும் 1 தான? இந்த வரிசையில எந்த எண்ணக் குடுத்தாலும் 2 பாஸ் தான் போடும், மில்லர் ராபின்னு இதைவிட கறாரான டெஸ்டும் 2 வச்சு பண்ணா இதே கதி. 3 வச்சு ஓட்டுங்க.

மீதி_பூஜ்யம்:
3-க்கு 1 வரல, மாட்டிக்கிச்சு! ஆனா 641-ஐ கம்ப்யூட்டர் இல்லாம எப்படி சார் கண்டுபிடிச்சிருப்பாங்க, 65536 வரை வகுத்துப் பாக்கணுமே

கணக்கு_வாத்தி:
தேவையில்ல. இதோட காரணி எதுவா இருந்தாலும் 64-ஆல வகுத்தா மீதி 1 தான் வரும், அதையும் ஆய்லரே நிரூபிச்சார். அப்படிப்பட்ட பகா எண்கள வரிசையா எடுத்தா 193, 257, 449, 577, 641. அஞ்சாவதுலயே கதை முடிஞ்சுது.

வகுக்காமலும் காட்டலாம். 641 = 5×128+1, அதனால 5×2^7-க்கு மீதி -1, நாலாம் அடுக்கு எடுத்தா 625×2^28-க்கு மீதி 1. ஆனா 641 = 625+16, அதனால 625-க்கு பதிலா -16 போடலாம், -2^32-க்கு மீதி 1, அதாவது 2^32+1 வகுபடுது. நோட்டுல அரைப் பக்கம் கூட ஆகாது.

பிட்டுக்கு_பிட்டு:
ஒரு சின்ன விஷயம், ஒவ்வொண்ணா வகுத்துப் பாக்குற ப்ரோக்ராமும் எழுதுனா லூப் வேரியபிள சாதா இன்ட்டா (32 பிட்) வைக்காதீங்க. இந்த எண்ணுக்கு 641-லயே நின்னுடும், ஒண்ணும் தெரியாது. 4294967291 நெஜமாவே பகா எண், அதுக்கு லூப் எப்போ நிக்கணும்னு வேரியபிளோட வர்க்கத்த எண்ணோட ஒப்பிட்டா, 46341 வந்ததும் அந்த வர்க்கம் இன்ட்ட தாண்டிடும், அப்புறம் லூப் எங்க போகும்னு சொல்ல முடியாது.