என்எஸ்-3 வைஃபை சிமுலேஷன்: ரேண்டம் வேபாயிண்ட் போதுமா?

பாக்கெட்மணி:
என்எஸ்-3ல (நெட்வொர்க்கைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்கிற சிமுலேட்டர்) 100×100 மீட்டர் ஹால், நடுவில் ஒரு ஆக்சஸ் பாயிண்ட், நடமாடும் 20 போன், 802.11ஏ (5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை). இரண்டு ரேட் கன்ட்ரோல் அல்காரிதத்தை (சிக்னலுக்கு ஏத்தபடி டேட்டா வேகத்தைத் தேர்ந்தெடுக்கிறது) ஒப்பிடணும். நடைக்கு ரேண்டம் வேபாயிண்ட் (ஏதோ ஒரு இடத்தையும் வேகத்தையும் தேர்ந்தெடுத்து நேரா நடக்கும், சேர்ந்ததும் அடுத்தது), வேகம் விநாடிக்கு 0–2 மீட்டர், சிக்னலுக்கு லாக் டிஸ்டன்ஸ் இழப்பு (தூரத்தை மட்டும் வெச்சு சிக்னல் குறையும்). இது போதும்ங்கிறேன். நடை தப்பாவே இருந்தாலும் இரண்டுக்கும் அதே தப்புதானே?

கடைசிபெஞ்ச்:
போதாது. குறைந்தபட்ச வேகம் 0ன்னு வெச்சா, ஒரு போனுக்கு 0.01 விழும், 50 மீட்டர் கடக்க 5000 விநாடி. வேகமா போறது சட்டுனு சேர்ந்து வேற வேகம் எடுக்கும், மெதுவானது மாட்டிக்கிட்டே கிடக்கும். ரன் நீள நீள சராசரி வேகம் சரியும். 2003லேயே யூன், லியூ, நோபிள் மூணு பேரும் எழுதிட்டாங்க.

பாக்கெட்மணி:
குறைந்தபட்ச வேகத்தை 0.5ல ஆரம்பிச்சு, ஸ்டெடி ஸ்டேட் மாடலுக்கு (தொடக்கத்துலேயே நிலைச்ச சராசரியில் இருக்கும் ரேண்டம் வேபாயிண்ட்) மாறிட்டா அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

கடைசிபெஞ்ச்:
வேகம் சரியாகும், கூட்டம் சரியாகாது. இந்த மாடலில் ஆட்கள் நடுவில்தான் குவிவாங்க. உங்க ஆக்சஸ் பாயிண்டும் அங்கேயே. 1500 பைட் பாக்கெட் அனுப்ப 54 எம்பிபிஎஸ்ல சுமார் 222 மைக்ரோசெகண்ட், 6ல 2000. டிசிஎஃப் (யார் எப்போ அனுப்பலாம்ங்கிற வைஃபை விதி) எல்லாருக்கும் சமமா கொடுக்கிறது வாய்ப்பை, நேரத்தை இல்ல. ஓரத்துல மெதுவா அனுப்பும் ஒரு போன் இருந்தா மத்தவங்க டேட்டா வேகமும் படுத்துடும். ஓரத்துல ஆளே குறைவுன்னா அந்த அடி ரிசல்ட்ல தெரியாது. அல்காரிதங்கள் பிரியுறதே அந்த ஓரத்துலதான்.

அலைகுணா:
நடையைப் பத்தி மட்டும் அடிச்சுக்கறீங்க, சேனலை யாரும் தொடல. லாக் டிஸ்டன்ஸ்ல ஃபேடிங்கே (எதிரொலிகள் கலந்து சிக்னல் ஏறி இறங்குறது) கிடையாது. நகாகாமின்னு ஃபேடிங் மாடலைச் சேர்த்தாலும் என்எஸ்-3 பாக்கெட்டுக்குப் பாக்கெட் புதுசா பகடை உருட்டும். நிஜத்துல 5.2 கிகாஹெர்ட்ஸில் விநாடிக்கு 1.4 மீட்டர் வேகத்துல நடந்தா டாப்ளர் (நடையால வர்ற அலைவரிசை மாற்றம்) சுமார் 24 ஹெர்ட்ஸ்; சிக்னல் இறங்குற ஒரு பள்ளம் 15–20 மில்லிசெகண்ட் நீடிக்கும்.

கடைசிபெஞ்ச்:
மின்ஸ்ட்ரெல்ங்கிற ரேட் கன்ட்ரோல் அல்காரிதம் 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதானே கணக்கைப் புதுப்பிக்குது? அதுக்குள்ள பள்ளம் மேடெல்லாம் சராசரியாயிடும்.

அலைகுணா:
கணக்கு சராசரியாகும், ரீட்ரை (தோத்த பாக்கெட்டை மறுபடி அனுப்புறது) சராசரியாகாது. நிஜத்துல ரீட்ரை ஓரிரு மில்லிசெகண்டுல அதே பள்ளத்துல போய் விழும், வரிசையா தோற்கும். சிமுலேஷன்ல இரண்டாவது உருட்டல்லயே தப்பிச்சிடும். பாக்கெட் இழப்பு குறைவா காட்டும், ரீட்ரையை நம்பி டேட்டா வேகத்தை ஏத்தற அல்காரிதம் ஜெயிக்கும்.

பாக்கெட்மணி:
ஃபேடிங்கை ஒத்துக்கிறேன், ஓரத்தை இல்ல. ரேண்டம் எண்களுக்கான ஆர்என்ஜி-சீடைத் தொடாம ஆர்என்ஜி-ரன்னை (எத்தனாவது ஓட்டம்ங்கிற எண்) மட்டும் மாத்தி 20 ரன், ஆக்சஸ் பாயிண்டை மூலைக்குத் தள்ளி இன்னொரு 20. முதலிடம் மாறலைன்னா ரேண்டம் வேபாயிண்டையே வெச்சுக்குவேன்.

கடைசிபெஞ்ச்:
மூலையில் வெச்சா கூட்டம் குவியுற நடுவே ஆக்சஸ் பாயிண்டுக்குத் தூரமாயிடும். போன்களை ஹால் முழுக்க சமமா பரப்பி ஓட்டுங்க, அப்புறம் பேசலாம்.