பயிற்சி முடித்து வேலைக்குச் சென்றால் உரிமைத்தொகை நின்றுவிடுமா?

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தம் அருகே மடியில் முறத்தோடு நாள் முழுவதும் குனிந்து பீடி சுற்றும் என் நாத்தனார், தீன் தயாள் உபாத்யாயா ஊரகத் திறன் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்து, ராணிப்பேட்டைப் பக்கம் காலணித் தொழிற்சாலையில் தையல் வேலைக்குப் போக விரும்புகிறார். அத்திட்டத்தில் பெண்களுக்கு 45 வயது வரை இடமுண்டு, அவருக்கு 38தான்.

ஆனால், வேலையில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை நின்றுவிடும் என்று அக்கம்பக்கத்தார் பயமுறுத்துகிறார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பதுதான் விதியே தவிர, வேலைக்குப் போகக்கூடாது என்பதல்ல என்று நான் எடுத்துச் சொல்லியும் (ஊர்ப்பேச்சுக்கு முன் விதி எடுபடுமா?) அவர் மனம் துணியவில்லை. கணவரின் கூலியையும் சேர்த்தால் வருமானம் அந்த வரம்பை நெருங்கும் என்பதே உண்மையான சிக்கல்.

இப்படிப் பயிற்சி முடித்து வேலைக்குச் சென்றவர்கள் இங்கிருந்தால், புதிய சம்பளம் எப்போது, எந்தச் சான்றின் அடிப்படையில் கணக்கில் கொள்ளப்பட்டது என்பதைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.